நாற்பத்தேழு குடைகள் தொங்கும் வீடு

சேசு மரி சூசை துணை
ராயபுரம், பனைமரத்தொட்டி
8 பிப்ரவரி 1926

என் அக்காள் இருதயம்மாள் பெற்ற ஒரே செல்வமும், ரங்கூன் பட்டணத்துக்கே ராணியுமாகிய ஃப்ளோரன்ஸுக்கு, சென்னைத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய இன்னாசி எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு சத்தியம். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவர் முகத்தை ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் அம்மா உனக்கு வைத்துவிட்டுப் போன வீட்டை விற்றுவிடலாம், பத்திரத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு என்று நீ சொல்லச் சொல்ல, நகச்சுத்து வந்த உன் விரலுக்குப் பதிலாக மாப்பிள்ளை ஹென்றி எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. அரிசி மில் குமாஸ்தா அல்லவா, ஒரு எழுத்துகூட வரிசையை விட்டு விலகவில்லை. உனக்கும் எனக்கும் அப்படி எழுத வராது.

கல்யாணத்துக்கு நான் கப்பலேறி ரங்கூன் வந்து உன்னைக் கைபிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மாப்பிள்ளை இந்தக் கரையை மிதித்ததே இல்லை. ஆகையால் வீடு இப்போது எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று இருவருக்கும் சொல்வது என் கடமை.

நீ போனபிறகு வீட்டின் வெறும் சுவர்கள் என்னைப் பார்த்து, "உனக்கு இங்கே இன்னா வேலை?" என்று கேட்க ஆரம்பித்தன. அவற்றின் வாயை அடைக்கத் தீர்மானித்தேன். சீமைத்துணி மூட்டைகள்மேல் ஒட்டி வருமே வர்ணப்படங்கள், அவற்றில் ஒரு கப்பல் சுமையைக் கொண்டுவந்தேன். மூன்று அண்டாப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சினேன். முதல் வரிசை புலிகள். புலிகள்மேல் ராணிகள். ராணிகள்மேல் ரயில் ஓட்டும் யானைகள். யானைகள்மேல் அந்தோணியார் முதலான அர்ச்சியசிஷ்டவர்கள். சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் தடித்துவிட்டது. நடுவீட்டில் இப்போது ஒருவர் பக்கவாட்டாகத்தான் நடக்கலாம்.

வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார். நனைந்த அந்தோணியார் மெதுவாக உரிந்து கீழே இறங்க, பின்னாலிருந்து புல்லாங்குழலோடு கண்ணன் எட்டிப் பார்த்தார். சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இன்னாசி, இவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்?" என்றார். "வெளியூர் சாமி, கப்பலில் வந்தவர்" என்று சமாளித்தேன்.

மாடியில் உன் அம்மா அறைக்கு ஏறும் படிகளுக்குப் படிக்கு ஒரு நிறம். பதினெட்டுப் படி, பதினேழு நிறம்தான் கிடைத்தது. கடைசிப் படியைத் தாண்டிக் குதிக்கிறோம்.

பக்கத்துவீட்டு மீன்காரி கெங்கம்மா வாசலில் நின்று சொன்னாள்: "இன்னா நைனா, இது வூடா, தேரா? உள்ள வந்தா ரெண்டு கண்ணும் பேஜாராப் பூடுது!"

ஒரே ஒரு சங்கடம். ஒட்டுகிற வேகத்தில் பத்திரத்தையும் எங்கேயோ ஒரு யானைக்கு அடியில் ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமு,
இன்னாசி

*

ரங்கூன்
24 பிப்ரவரி 1926

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு ஃப்ளோரன்ஸ் வணக்கம். விரல் இன்னும் ஆறாததால் அவர் கையாலேயே எழுதுவிக்கிறேன்.

தங்கள் கடிதம் படித்தோம். என் அனுமதி இல்லாமல் என் வீட்டில் இவ்வளவு செய்யத் தங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? இத்தனை அலங்காரம் யாருக்காக? இந்த வயதில் தாங்கள் யாரையாவது குடிவைக்க உத்தேசிக்கிறீர்களோ என்று சந்தேகப்படவேண்டியிருக்கிறது. பத்திரம் யானைக்கு அடியில் இருக்கிறது என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. யானை எந்தச் சுவரில் என்று தெளிவாக எழுதவும்.

மாடி அறையை மட்டும் தொடாதீர்கள். சிறுவயதில் அம்மாவின் மடியில் அந்த மாடி ஜன்னலில் உட்கார்ந்து கடல் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மாடி இருப்பதால் வீட்டின் மதிப்பும் கூடும்.

இங்கே ஆறுமுகநயினார் என்ற எண்ணெய் மண்டிக்காரர் வீட்டை வாங்கச் சம்மதித்திருக்கிறார். சித்திரையில் சென்னை வருகிறார். அவர் வரும்போது பத்திரம் கையில் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை
ராயபுரம்
10 மார்ச் 1926

என் கண்ணான ஃப்ளோரன்ஸுக்கு,

மாடி ஜன்னலை நீ மறக்கவில்லை என்று படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கவில்லை.

விரல் எப்படி இருக்கிறது? ஆறு வாரம் நிற்கிற நகச்சுத்தை நான் இந்தத் துறைமுகத்தில் பார்த்ததில்லை. ஆயிரம் பேர் விரல் நசுங்குகிற இடம் இது. ஒரு எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலை நுழைத்துவை. கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எல்லா வியாதிக்கும் அதுதானே மருந்து.

பத்திரம் தேடும் படலம் நடக்கிறது. ரங்கூன் கப்பலில் கரி தள்ளுகிற நம்ம லட்சுமணன், கரையில் இருக்கிற நாலு நாளும் வந்து சுவரைச் சுரண்டுகிறான். நேற்று ஏணிமேல் இருந்து கத்தினான்.

"மாமு, மூணு யானையைப் பேத்துட்டேன். அடியில ராணிதான் கீது!"

"ராணிக்கு அடியில பாருடா."

"ராணிக்கு அடியில புலி மாமு. நான் எறங்கறேன், எனக்குப் புள்ளகுட்டி கீது."

ஆறுமுகநயினார் வரட்டும். தலைப்பாகையை மட்டும் வாசலில் கழற்றிவிடச் சொல். ஏனென்றால் கூரைக்கு அடியில் நாற்பத்தேழு சீனக் காகிதக்குடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ. மழை பெய்தால் ஒவ்வொரு குடையிலும் ஒவ்வொரு நிறத் தண்ணீர் நிரம்பும். கீழே தரையெல்லாம் கப்பலில் உடைந்துவந்த பீங்கான். ஒரு தட்டின் பூவும் இன்னொரு தட்டின் பறவையும் மூன்றாவது தட்டின் பாதி சீனாக்காரனும் சேர்ந்து, நடக்கிறவர் காலுக்குக் கதை சொல்லும்.

சுவரோடு கப்பல் காப்டன் அறைக் கண்ணாடிகள் எட்டு, எதிரெதிராக. கெங்கம்மா கூடையோடு உள்ளே வந்தாள். முப்பத்திரண்டு மீன்காரிகளைப் பார்த்தாள். "யாருமே நீங்கல்லாம்? என் தெருவுல வந்து கூடையை எறக்க எவ்ளோ தைரியம்!" என்று இடுப்பில் கை வைத்தாள். முப்பத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்தார்கள். போலீசு வந்துதான் விலக்கிவிட்டது.

உன் அம்மா சாயங்காலம் சாயங்காலம் வாசிப்பாளே அந்தப் பியானோ, அதற்கும் பச்சை அடித்துத் தங்கரேக்கு ஒட்டி, கட்டைக்கு ஒரு கிளியாக எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அதில் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று மட்டும் எழுது.

மாமு,
இன்னாசி

*

ரங்கூன்
28 மார்ச் 1926

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

எலுமிச்சம்பழம் வைத்தும் விரல் ஆறவில்லை.

என் தாயாரின் பியானோவுக்குப் பச்சை அடித்ததை நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன். அதில் அவர்கள் வாசித்த ஞானப்பாடல்கள் எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆறுமுகநயினார் பியானோவையும் எட்டுக் கண்ணாடிகளையும் வீட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். குடைகள் வேண்டாமாம். இருந்தாலும் அவற்றில் கிழியாதவை எத்தனை என்று எண்ணி எழுதவும்.

தாங்கள் காலம் கடத்துகிறீர்கள் என்று தெரிகிறது. சித்திரை முடிவதற்குள் தாங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும். பத்திரம் கிடைக்கவில்லை என்றால் சுவர்களை இடித்தாவது எடுக்க ஏற்பாடு செய்யப்படும். எனக்கு அந்த வீட்டில் இனி எந்தத் தேவையும் இல்லை. நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை.

இப்படிக்கு,
ஃப்ளோரன்ஸ்

*

ராயபுரம்
6 ஏப்ரல் 1926

ஃப்ளோரன்ஸ்,

இதைத் தபாலில் போடவில்லை. லட்சுமணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கவேண்டும், வேறு யார் கேட்டாலும் அடுப்பில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயரில் உன் வீட்டுக்காரர் எனக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். உனக்குத் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கப்பல் பக்கம் ஒருத்தன் எண்ணுவான், கரைப்பக்கம் நான் எண்ணுவேன். அதுதான் டாலி. எதிராளி நிஜமாக எண்ணுகிறானா, தூங்கிக்கொண்டு நான் சொல்வதை எழுதிக்கொள்கிறானா என்று சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே ஒன்று கூட்டிச் சொல்லுவேன். எண்ணுகிறவன், "இல்லை, தப்பு" என்பான். எண்ணாதவன், "ஆமாம், சரி" என்பான்.

முதல் கடிதத்தில் நீ என்னைத் தாங்கள் என்று கூப்பிட்டிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சந்தேகம் வந்தது. ஒரு மாடி கட்டிப் பார்த்தேன். "ஆமாம், சரி" என்று பதில் வந்தது. பியானோ வைத்துப் பார்த்தேன். அதற்கும் "ஆமாம், சரி". நம் வீடு ஒன்றரை அறை என்று உனக்குத் தெரியாதா? கூரை ஓட்டுக்கு மேலே இருப்பது மாடியில்லை, காக்கை. உன் அம்மா வாழ்நாளில் வாசித்த ஒரே வாத்தியம் என் முதுகு.

குடை இல்லை, கண்ணாடி இல்லை, பீங்கான் தரை இல்லை. ஒரு யானைகூட இல்லை. நீ விட்டுப்போன அதே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், அதே பாய். பத்திரம் என் தலைமாட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது.

இனி விளையாட்டு இல்லை. நீ சௌக்கியமா? அந்த மனிதர் உன்னை எழுதவிடாமல் வைத்திருக்கிறாரா? வீட்டை விற்கவேண்டும் என்று நீயே நினைத்தால், உன் கையால் ஒரே ஒரு வரி எழுது. பத்திரத்தை லட்சுமணனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் காசிமேட்டில் எங்காவது ஒரு குடிசையில் இருந்துகொள்வேன். வீடு உன்னுடையது, நான் அதில் படுத்திருப்பவன், அவ்வளவுதான். ஆனால் உன் கையெழுத்தாக இருக்கவேண்டும். கோணலாக இருக்கவேண்டும்.

மாமு

*

ரங்கூன்
17 ஏப்ரல் 1926

மாமு,

இது நான்தான். ஆனால் அது நீதானா?

புதன்கிழமை அவர் மில்லுக்குப் போனபிறகு லட்சுமணன் அண்ணன் கொல்லைப்பக்கமாக வந்து நின்றான். "இன்னாசி மாமு குட்த்தாரு. உன் கையிலதான் தரணும்னு சொல்லிக்கீறாரு" என்று கடிதத்தை நீட்டினான். வாங்க எனக்குக் கை வரவில்லை. அவர்தான் என்னைச் சோதித்துப் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறாரோ என்று நினைத்தேன். மாமு, எட்டு மாசமாக நீ ஒரு வரி எழுதவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த கடிதங்களை அவர்தான் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டு போவார். "உங்க மாமன் வீட்டை எழுதி வாங்கிக்கிட்டான், உனக்கு அங்க ஒன்னும் மிச்சமில்லே" என்பார். நான் முழுசாக நம்பவில்லை. முழுசாக நம்பாமலும் இல்லை.

பக்கத்துவீட்டு அஜீசுன்னிசா அக்காவிடம் காட்டினேன். அவர்களும் நம்ம பட்டணத்துக்காரர்கள்தான், தண்டையார்ப்பேட்டை. "அந்த ஆளு ட்ரங்குப் பொட்டியைத் தொறந்து பாரு. நெசம்னா மத்த கடுதாசியும் அதுல இருக்கணும்" என்றார்கள். இருந்தது. உன்னுடைய இரண்டு கடிதம். நான் உனக்கு எழுதிய ஐந்து.

அவற்றை அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முப்பத்திரண்டு கெங்கம்மா வந்த இடத்தில் அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. இங்கே வீட்டில் அவர் ஒரு காலண்டர்கூட மாட்டவிடமாட்டார். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுச் சொந்தக்காரர் கோபிப்பாராம்.

என் விரலுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இது ஏழாம் மாசம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்று கேட்டதற்குத்தான், "எந்த வீடு?" என்று கேட்டார் அவர்.

அன்று சாயங்காலம் கடிதங்களை அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். தட்டைத் தள்ளிவைத்தார். அப்புறம், நயினாரோடு கூட்டாகக் கடை வைக்கத்தான் என்றார். "வீட்டை விற்கமாட்டேன், நயினாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றேன். சொல்லிவிட்டார். அடுத்த நாள் கேட்டார், "அப்ப அந்தப் பியானோ?" என்று. என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

அஜீசுன்னிசா அக்கா அடுத்த மாசம் பத்தாம் தேதிக் கப்பலில் தங்கை கல்யாணத்துக்கு வருகிறார்கள். என்னையும் கூட வா என்கிறார்கள். ஆனால் மாமு, ஒரு மனிதர் பொய் எழுதி என்னை ஏமாற்றினார். நீயும் பொய்தான் எழுதியிருக்கிறாய், அவரைவிடப் பத்து மடங்கு. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து, வாசலில் வேறு யாராவது நின்றால் நான் எங்கே போவேன்? உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவேன்.

கொல்லையில் இருக்கும் மாமரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறதா? அதை மட்டும் எழுது.

ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை
ராயபுரம், பனைமரத்தொட்டி
28 ஏப்ரல் 1926

ரங்கூன் ராணிக்கும், இன்னும் பெயர் வைக்காத இளவரசனுக்கோ இளவரசிக்கோ, ராயபுரம் இன்னாசி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது.

தப்பு! தப்பு! தப்பு! கொல்லையில் மாமரமாவது, மண்ணாவது? உப்புக்காற்றில் அங்கே கறிவேப்பிலைக் குச்சிகூட ஒரு மாசம் தாங்கினதில்லை. கொல்லையில் இருப்பது கெங்கம்மாவின் கருவாட்டுப் பாயும், அதைக் காவல் காக்கிறேன் என்று தின்கிற ஒரு பூனையும்தான். என் டாலியை எனக்கே வைத்துப் பார்க்கிறாயா? துறைமுகத்தில் பெண்களுக்கு வேலை கொடுத்தால் முதல் நாளே என் நாற்காலி போய்விடும்.

மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க அவர் வருவார். வந்தால் வாசலிலேயே நிறுத்திவைத்து, மாடி எங்கே என்று அவரையே தேடச் சொல்வேன். தேடி முடித்தபிறகு சாப்பாடு போடுவேன்.

நீ வருகிற செய்தியைக் கெங்கம்மாவிடம் சொன்னேன். கூடையை அப்படியே இறக்கிவிட்டாள்.

"ஏழாம் மாசத்துல கப்பல்லயா? இன்னா நைனா, வூட்டுல ஒரு நல்ல தலைகாணி கீதா?"

"இல்லியே."

"ஆம்பள தனியா இருந்தா இப்டித்தான் வூடு கலீஜா பூடும். நகரு, நான் பாக்கறேன்" என்று உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை. மருத்துவச்சி பச்சையம்மாவிடமும் அவளே பேசிவிட்டாள். பச்சையம்மா கைராசியை விசாரித்தேன். இந்தத் தெருவில் கத்துகிற பிள்ளைகள் எல்லாம் அவள் எடுத்ததாம். ஒன்றுகூடச் சோடையில்லை, ராத்திரி முழுக்கக் கேட்கிறது.

கப்பல் வரும் நாளுக்கான ஏற்பாடுகளைக் கேள். துறைமுகத்துக் கிரேன்கள் பதினாறும் உன்னைப் பார்த்ததும் தலைகுனிந்து சலாம் போடும். அலையிலிருந்து வீட்டு வாசல் வரை சிவப்புப் பட்டு விரித்து, அதன்மேல் மஞ்சள் பட்டு, அதன்மேல் பச்சைப் பட்டு. எந்த நிறத்தில் கால் வைப்பது என்று நீயே முடிவு செய்துகொள். எண்ணூர் வரைக்கும் இருக்கிற பாண்டு வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெவ்வேறு பாட்டு வாசிப்பார்கள். எல்லா வீட்டு மொட்டைச்சுவரிலும் விளக்கு. கடலுக்கே தோரணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்; மீன்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் பொய் என்று உனக்குத் தெரியும். பட்டும் இல்லை, பாண்டும் இல்லை. விடியற்காலையிலிருந்து துறைமுகத்தில் குடை இல்லாமல் வெயிலில் நிற்கப்போகிற ஒரு கிழவன்தான்.

ஆனால் ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. காலண்டர்கூட மாட்டமுடியாத சுவர் என்று நீ எழுதியதைப் படித்த மறுநாள், கப்பலுக்குப் பூசி மிஞ்சிய வர்ணம் மூன்று டப்பா கேட்டு வாங்கி வந்தேன். புகைபோக்கிக்கு அடிக்கிற மஞ்சள், அடித்தளத்துக்கு அடிக்கிற சிவப்பு, மேல்தட்டுக்கு அடிக்கிற பச்சை. நீ படுக்கப்போகிற அரை அறையில் உன் தலைக்கு நேரே இருக்கிற சுவர் முழுக்க மூன்று பட்டை அடித்து, நடுவில் தோகை விரித்த மயில் ஒன்று எழுதினேன். மூன்று நாள் வேலை. முழங்கை வரைக்கும் இன்னும் பச்சை போகவில்லை.

கெங்கம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கோழி சோக்கா கீது, நைனா" என்றாள்.

கோழி என்றே வைத்துக்கொள். ஆனால் அது நிஜமாகவே இருக்கிறது.

மாமு